கறுப்புச் சேறு ஏன் மஞ்சளாகிறது?

வாகரைப் பக்கத்து ஐயா ஒருவர் சொப்பிங் பையில் மண்கட்டியும் சோடாப் போத்தலில் தண்ணீரும் கொண்டுவந்தார். "வெட்டக்குள்ள கறுப்பா இருந்த மண், இப்ப மஞ்சளாப் போயிற்று தம்பி. புல்லும் முளைக்குதில்ல." கண்டல் ஓரத்தில் இறால் குளம் வெட்டி, அள்ளிய சேற்றை வரம்பாகக் குவித்திருந்தார். பரிசோதித்தேன். பி.எச். 4க்கும் கீழே. பி.எச். என்பது அமிலத்தைக் காட்டும் அளவு; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் கூடும்.

அழுகின முட்டை நாத்தம் அடிக்கும் அந்தச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கிறது. தண்ணீருக்கடியில் கிடக்கும்வரை அதனால் தொல்லையில்லை. காற்றுப் பட்டால் ஒட்சிசனும் ஈரமும் சேர்ந்து அதைச் சல்பூரிக்கமிலமாக்கும். மஞ்சள் நிறம் யாரோசைட் என்ற கனிமத்தினுடையது.

உலகின் உலோகச் சுரங்கங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் நடப்பது இதேதான், அளவுதான் பெரிது. கரைந்த இரும்பே பிறகு மிச்சப் பைரைட்டைத் தின்னத் தொடங்கும். அமிலத்தில் வாழும் பக்டீரியாக்கள் அந்த வேலையைப் பல மடங்கு விரைவாக்கும். அதனால் தொடங்கினால் நிற்பதில்லை. சுமார் 5000 ஆண்டுகளாகச் சுரங்கம் தோண்டப்பட்ட ஸ்பெயினின் ரியோ ரின்ரோ ஆறு இன்றும் சிவப்பாகத்தான் ஓடுகிறது, பி.எச். 2 அளவில். வந்த அமிலத்துக்குச் சுண்ணாம்பு கொட்டிக்கொண்டே இருப்பது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது மாதிரி.

ஆகவேதான் பைரைட் உள்ள சுரங்கக் கழிவுக் கல்லுக்கே பூச்சுப் பூசும் யோசனை வந்தது. சிலேன் என்ற சிலிக்கன் சேர்மம் போன்ற பொருள் பைரைட்டின் மேல் மெல்லிய படலமாக ஒட்டி ஒட்சிசனை மறிக்கும். ஆனால் வெயிலும் மழையும் மாறிமாறி அடித்தால் எந்தப் பூச்சும் வெடிக்கும். நம்மூர்ப் பங்குனி வெயிலும் மார்கழி மழையும் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெடிப்பு மயிரளவு இருந்தாலும் உள்ளே அமிலம் ஊறும்.

தானே ஆறும் பூச்சுகள் இங்குதான் வருகின்றன. ஒரு வகையில், நுண்ணிய களிமண் குழாய்களுக்குள் அரிப்பைத் தடுக்கும் மருந்தை அடைத்துப் பூச்சில் கலக்கிறார்கள். வெடித்த இடத்தில் பி.எச். இறங்கியதும் மருந்து கசிந்து, அங்கே கரையும் இரும்பைப் பிடித்து மூடிவிடும். காயம்பட்ட மரம் பால் விட்டு அடைப்பது போல. இன்னொரு வகையில் வெடிப்பு விழுந்ததும் கலந்திருக்கும் நுண்பைகள் உடைந்து எண்ணெய் வழிந்து இறுகும். அருமையான வேலை, ஆனால் பெரும்பாலும் ஆய்வுகூட மேசையில் நிற்கிறது. மலைபோல் குவிந்த கழிவுக் கல்லுக்கு இதைப் பூசக் காசு யார் கொடுப்பது?

நமக்கென்ன என்று கேட்பீர்கள். வெருகலுக்கு வடக்கே சேருவிலவில் 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட இரும்பு, செப்புப் படிவில் பைரைட்டும் உண்டு. கடற்கரை இல்மனைட் மணலையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு சேர்ந்த ஒக்சைட்டு, கந்தகம் இல்லாததால் அமிலம் விடாது. அதன் பிரச்சினைகள் வேறு.

காசில்லாமல் கிடைக்கும் பூச்சு ஒன்று உண்டு: தண்ணீர். ஒட்சிசன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீருக்குள் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். கலக்கினாலும் தானே மூடிக்கொள்ளும்.

குளம் வெட்ட நினைப்பவர்கள் முதலில் அடிச்சேற்றில் ஒரு பிடியை எடுத்து, காற்றுப் படும்படி ஈரமாக இரண்டு மாதம் வைத்துப் பி.எச். பாருங்கள். 4க்குக் கீழே போனால் அந்த இடத்தைத் தோண்டாதீர்கள். ஐயாவின் வரம்பில் உட்பகுதி இன்னும் கறுப்புத்தான். அதைத் தண்ணீருக்குள் தள்ளச் சொன்னேன். மஞ்சளான மண்ணைத் தள்ளினால் அமிலம் குளத்தில் இறங்கும், அதற்குச் சுண்ணாம்புதான். மாரி முடிந்ததும் திரும்ப மண் கொண்டுவருவார்.