அதிர்ஷ்டப் புள்ளி எந்தக் கணக்கில் சேருகிறது?

கணினி விளையாட்டுகளுக்குச் சண்டைக் கணக்கு எழுதுவது என் தொழில். யார் அடித்தால் எவ்வளவு சேதம், எந்த அரக்கன் செத்தால் எந்த வாள் எத்தனை சதவீதம் விழும் என்று அட்டவணை நிரப்புகிற வேலை. பல விளையாட்டுகளில் கேரக்டருக்கு வலிமை, லக் (அதிர்ஷ்டம்) என்று பண்புகள் உண்டு; கிடைக்கும் புள்ளிகளை எந்தப் பண்பில் போடுவது என்று ஆடுபவரே தீர்மானிப்பார். என் வேலை தெரிந்ததும் பள்ளிப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "லக்கில் பாயின்ட் போட்டால் நல்ல பொருள் கிடைக்குமா?" என்பதுதான். அந்த எண்ணை எந்தச் சூத்திரத்தில் கோத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் யாராலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்த அதிர்ஷ்டம் கணினியில் பிறந்ததே அல்ல. 1982-இல் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதிய 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்', பகடையை வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய சாகசப் புத்தகம். ஒரு பகடையை உருட்டி ஆறைக் கூட்டினால் உங்கள் அதிர்ஷ்டம்: 7 முதல் 12 வரை. ஆபத்து வரும்போது இரண்டு பகடை உருட்டுங்கள். கூட்டுத்தொகை அதிர்ஷ்ட எண்ணைத் தாண்டாவிட்டால் பிழைத்தீர்கள். ஆனால் ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும், ஜெயித்தாலும் தோற்றாலும், அதிர்ஷ்டத்தில் ஒன்று குறையும். எண் 9 ஆக இருக்கும்போது 36-க்கு 30 வாய்ப்புகள் உங்கள் பக்கம். அதே எண் 6-க்கு இறங்கிவிட்டால் 15 மட்டுமே. சேமிப்பதா, செலவழிப்பதா என்று வாசகர் யோசித்தே ஆக வேண்டும். விதியும் கண்ணெதிரே அச்சாகி இருக்கிறது.

1997-இல் வந்த 'ஃபால்அவுட்' கணினி விளையாட்டில் ஏழு பண்புகளில் ஒன்று அதிர்ஷ்டம். அங்கே ஒரு புள்ளிக்கு ஒரு சதவீதம் கிரிட்டிக்கல் அடி, அதாவது வழக்கத்தைவிடப் பலமான அடி விழும் வாய்ப்பு. 2010-இல் வந்த 'நியூ வேகாஸ்' பாகத்தில் இதே பண்பு சூதாட்ட விடுதியின் பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசையிலும் கைகொடுக்கும். அளவுக்கு மீறி ஜெயித்தால் இனி ஆட வேண்டாம் என்று விடுதிக்காரர் நிறுத்திவிடுவார் என்பது தனி வேடிக்கை.

திரையில் தெரியும் சதவீதத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 75 சதவீதம் என்று காட்டிய அடி அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால், விளையாடிச் சோதிப்பவர்கள் "கணக்கில் பிழை" என்று எழுதிக் கொடுப்பார்கள். பதினாறில் ஒரு தடவை அப்படி நடக்கத்தான் செய்யும். ஆனால் தாயக்கட்டையின் மேல் பழி போடுகிற மனத்துக்குக் கணக்கு சொல்லி மாளாது. அதனால் சில விளையாட்டுகள் வீரரைத் தேற்றுவதற்காகவே கணக்கை வளைக்கின்றன. ஜப்பானின் 'ஃபயர் எம்ப்ளம்' தொடரில் 2002-இல் வந்த பாகம் முதல் பலவற்றில், குலுக்கலில் ஒன்றுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்து, அவற்றின் சராசரியைத் திரையில் காட்டிய சதவீதத்தோடு ஒப்பிடுகிறார்கள். திரையில் 90 என்று தெரிவது உண்மையில் 98. 10 என்று தெரிவது 2. பொய்தான், ஆனால் காசு பறிக்காத பொய். அதனால் எனக்கு இதில் கோபமில்லை.

கோபம் வேறிடத்தில் வருகிறது. தென்கொரியாவின் 'மேப்பிள் ஸ்டோரி'யில் லக் என்று ஒரு பண்பு உண்டு. திருடன் வகைக் கேரக்டர்களுக்கு அதுதான் அடியின் வலு. புதிதாக வருபவர் நினைப்பதுபோல் பொருள் விழும் வாய்ப்பை அது கூட்டுவதில்லை. அதே விளையாட்டில் 'கியூப்' என்ற பொருளைக் காசுக்கு விற்றார்கள். அதைப் பயன்படுத்தினால் ஆயுதத்தின் கூடுதல் சக்திகள் மாற்றிக் குலுக்கப்படும். வீரர்கள் அதிகம் விரும்பிய சக்திகள் விழும் வாய்ப்பைச் சொல்லாமலே குறைத்துவிட்டார்கள். சில சேர்க்கைகளின் வாய்ப்பு பூஜ்யம். எத்தனை கியூப் வாங்கினாலும் கிடைக்காத ஒன்றுக்காக ஜனங்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 2024 ஜனவரியில் கொரிய நியாய வர்த்தக ஆணையம் இந்த விளையாட்டை நடத்தும் நெக்சான் நிறுவனத்துக்கு 1100 கோடி வோனுக்கு மேல் அபராதம் விதித்தது. அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து, காசுக்கு விற்கும் குலுக்கல் பொருள்களின் சதவீதத்தை வெளியிடுவது அந்நாட்டில் சட்டக் கட்டாயம்.

எனவே பெற்றோர்கள் பிள்ளையின் கேரக்டர் பக்கத்தில் இருக்கும் லக் எண்ணைக் கண்டு பதற வேண்டாம்; அது விளையாட்டுக்குள் நேரம் செலவழித்துச் சம்பாதித்தது. விளையாட்டின் கடைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும்படி அங்கே விற்கும் குலுக்கல் பெட்டிக்கும் கேரக்டரின் லக்குக்கும் பெரும்பாலும் எந்தத் தொடர்பும் இருக்காது. ஆப்பிள் நிறுவனமும் தன் கடையில் உள்ள செயலிகள் இத்தகைய பெட்டிகளின் வாய்ப்பை வாங்குவதற்கு முன்பே காட்ட வேண்டும் என்று 2017 முதல் விதி வைத்திருக்கிறது. எழுத்து பொடியாக இருக்கலாம், தேடிப் படியுங்கள்.

அங்கே 1 சதவீதம் என்று இருந்தால், நூறு முறை வாங்கினால் ஒன்று நிச்சயம் என்று பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். நூறு பேர் ஆளுக்கு நூறு முறை வாங்கினால் சுமார் 37 பேருக்கு ஒன்றும் கிடைக்காது. 101-ஆவது முறையும் அவர்களுக்கு அதே 1 சதவீதம்தான். 'இத்தனை முறைக்குள் கட்டாயம் தருவோம்' என்று விதியில் எழுதியிருந்தால் மட்டுமே கணக்கு மாறும். அப்படி எழுதியிருந்தால், அந்த எண்ணைப் பெட்டியின் விலையால் பெருக்கி, வரும் தொகையைப் பிள்ளையிடமே காட்டுங்கள்.