வெள்ளம் வாரிக்கொண்டு போன ஆற்றுக்கு மீன் எப்படித் திரும்புகிறது?

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை நம்ம பக்கத்து ஆட்கள் லேசில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தண்ணீர் வடிந்ததும் வீடு, வாழை, நெல், ஆடு மாடு என்று கணக்கெடுத்தோம். தாமிரபரணிக்குள்ளேயே குடியிருந்த உயிர்கள் என்ன ஆயின என்று கேட்டவர்கள் குறைவு.

பெருவெள்ளத்தில் தண்ணீரோடு உருண்டு வரும் கல்லும் மணலும் பெரிய எமன். பாறையில் ஒட்டிய பாசி உரிந்து போகும், அதைத் தின்னும் புழு பூச்சிகள் அடித்துப் போகப்படும், மீன் முட்டை மணலில் புதையும். வடிந்த கையோடு ஆற்றில் இறங்கி ஒரு கல்லைத் தூக்கினால் தேய்த்துக் கழுவியது மாதிரி வெறுமையாக இருக்கும். கொஞ்ச நாளில் அதே கல் வழுக்க ஆரம்பிக்கும், பாசி வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் புரட்டிப் பார்த்தால் அடியில் மணல் துணுக்குகளை ஒட்டிக் கட்டிய சின்னஞ்சிறு குழல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புழு.

இவற்றில் சில, கூழாங்கல் இடுக்கில் ஆழமாகப் பதுங்கி உயிர் பிழைத்தவை. மற்றவை பொதிகை மலை ஓடைகளிலிருந்து மிதந்து வந்தவை. எல்லாம் கீழேயே மிதந்து வந்தால் மேலே காலியாகிவிடாதா? வடக்கு ஸ்வீடன் ஓடைகளை ஆராய்ந்த கார்ல் முல்லர் 1954-ல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: இந்தப் புழுக்கள் வளர்ந்து இறக்கை முளைத்த பூச்சிகளாகின்றன, அவற்றில் தாய்ப்பூச்சிகள் ஆற்றின் மேல்பக்கமாகப் பறந்துபோய் முட்டையிடுகின்றன. எல்லா இனமும் அப்படிச் செய்வதில்லை, ஆனால் கொஞ்சம் பூச்சிகள் போனாலே போதும், ஒவ்வொன்றும் அத்தனை முட்டை இடும்.

மீனுக்கு இறக்கை கிடையாது. வேகம் கூடியதும் அது கரையோரம், வாய்க்கால், வயல், குளம் என்று ஒதுங்கிவிடுகிறது. நம் ஊர் மீன்கள் மழைக்காலத்து ஆற்றிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவை, பல கெண்டை வகைகளுக்குப் புதுத்தண்ணீர் வருவதுதான் முட்டையிடும் சமயமே. வடியும்போது குட்டைகளில் சிக்கியவை சாகும், வழி கிடைத்தவை ஆற்றுக்குத் திரும்பும்.

அந்த வழிதான் இங்கே பிரச்சினை. கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள், நம் சோற்றுக்கு அவை வேண்டும், மறுக்க முடியாது. ஆனால் கீழே அடித்து வரப்பட்ட கெண்டை, தண்ணீர் குறைந்தபின் அந்தச் சுவரை ஏற முடியாது. விலாங்கு பரவாயில்லை: கடலில் பிறந்து ஆற்றுக்குள் வரும் அதன் குஞ்சு ஈரச் சுவரில் ஊர்ந்தே ஏறிவிடும்.

நாட்டு மீன் வரத் தாமதமானால் அந்த இடம் சும்மா கிடக்காது. குளமும் பண்ணையும் உடைந்து வந்த ஜிலேபி மீனும், வளர்க்கத் தடையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அதே வெள்ளத்தில்தான் ஆற்றில் இறங்குகின்றன, கிடைத்ததைத் தின்று பெருகுகின்றன. பண்ணைக் கரையைப் பலப்படுத்துவது ஒரு வேலை. அணைக்கட்டைப் பழுதுபார்க்கும்போதே ஓரத்தில் கல் பரப்பி, மீன் ஏறுகிற அளவுக்குச் சரிவாக ஒரு பாதை விடுவது இன்னொன்று, அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஓட வேண்டும்.