கிராஷ் டெண்டர்: ஒப்பந்தப்புள்ளியும் அல்ல, மோதலும் அல்ல

‘இரண்டு விபத்து ஒப்பந்தப்புள்ளிகள் ஓடுபாதையை நோக்கி விரைந்தன.’ மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு விமான நிலையப் பாதுகாப்புக் கையேட்டில் இப்படி ஒரு வரி. ஆங்கில மூலத்தில் இருந்தது கிராஷ் டெண்டர், விமான விபத்தைச் சமாளிக்கவென்றே நிற்கும் தீயணைப்பு வண்டி. சிரித்துவிட்டு அடித்தேன். நான்கு பக்கம் தள்ளி அதே வண்டி ‘மோதல் ஊர்தி’ ஆகியிருந்தது. அதற்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இதை நான் பார்ப்பது முதல் தடவை அல்ல. ஒப்பந்தப்புள்ளி கவனக்குறைவு, ஒருமுறை படித்தாலே மாட்டிக்கொள்ளும். மோதல் ஊர்தி யோசித்துச் செய்த தவறு. அந்த வகைதான் கலைச்சொல் பட்டியலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். விலைப்புள்ளி கேட்கும் டெண்டர் வேறு, இது வேறு. இது அட்டெண்டர் என்பதன் தலை உதிர்ந்த வடிவம். அலுவலகத்தில் கோப்பு தூக்கும் அட்டெண்டரும் இதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பெரிய கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளும் சரக்கும் ஏற்றிப்போன துணைப்படகு டெண்டர். நீராவி ரயில் என்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்த பெட்டி டெண்டர். தீக்குத் தண்ணீர் கொண்டுவரும் வண்டி வாட்டர் டெண்டர். விமான விபத்துக்கென்று நிற்பது கிராஷ் டெண்டர். ஆக, கூட இருந்து கவனிப்பது, வேண்டியதைச் சுமந்து வருவது, இவ்வளவுதான் பொருள்.

இனி மோதல் ஊர்தி. தமிழில் ‘மீன் வண்டி’ என்றால் மீன் ஏற்றும் வண்டி, ‘தண்ணீர் லாரி’ என்றால் தண்ணீர் ஏற்றும் லாரி. முன்னால் நிற்கும் பெயர் வண்டியின் வேலையைச் சொல்லும். அந்தக் காதோடு கேட்டால் மோதல் ஊர்தி எதையோ மோதப் போகிறது. ‘மோதலுக்குச் செல்லும் ஊர்தி என்று விரித்துக்கொள்ளுங்களேன்’ என்றார் அந்த மொழிபெயர்ப்பாளர். விரித்துச் சொன்னால்தான் விளங்கும் என்றால், சுருக்கியதால் என்ன லாபம்? சரி, மோதலை விட்டு ‘விபத்து ஊர்தி’ என்று வைக்கலாமா என்றால் அது இன்னும் மோசம். விபத்து லாரி என்றதும் நொறுங்கிப்போய் ஓரமாக நிற்கும் லாரிதான் கண்ணுக்கு வரும்.

பொருளும் பிசகுகிறது. கிராஷ் என்பதெல்லாம் மோதல் ஆகிவிடாது. ஓடுபாதையை விட்டு விலகிச் சேற்றில் புதைந்த விமானம் எதன்மேலும் மோதவில்லை. பிரேக் சூடேறிப் புகைந்தாலும், எரிபொருள் நிரப்பும்போது கொட்டினாலும், சக்கரம் இறங்கவில்லை என்று விமானி சொன்னாலும் இந்த வண்டிதான் கிளம்பும். ஒரு விபத்துகூடப் பார்க்காமலே காலத்தை முடித்துக்கொள்ளும் வண்டியும் உண்டு.

‘விமான நிலையத் தீயணைப்பு வண்டி’ என்று செய்தியில் எழுதுபவரோடு எனக்குச் சண்டை இல்லை, படிப்பவருக்குப் புரிகிறது. கையேட்டில் அது போதாது. நகரத் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும், குழாயை விரிக்கும், பிறகு பீச்சும். இதுவோ ஓடிக்கொண்டே பீச்சும். விமான எரிபொருள் தண்ணீரைவிட லேசானது. வெறும் தண்ணீரை அடித்தால் அது அடியில் போய்விட, மேலே தீ மிதக்கும். அதனால் நுரைக்கரைசலும் சேர்த்துச் சுமக்கிறது. 10,000 லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும் வண்டிகள் உண்டு, அந்தக் கனத்தோடும் பாய வேண்டும். ஓடுபாதையின் எந்தப் பகுதிக்கும் 3 நிமிடத்துக்கு மிகாமல், முடிந்தால் 2 நிமிடத்தில், போய்ச் சேர வேண்டும் என்கிறது ஐ.சி.ஏ.ஓ. என்னும் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு. சிலவற்றில் நீளும் கையும் அதன் முனையில் ஈட்டியும் இருக்கும். விமானத்தின் உடலைக் குத்தித் துளைத்து உள்ளேயே பீச்சிவிடும். (சிவப்பு வண்டி என்றும் எழுதாதீர்கள். மஞ்சள் கலந்த பச்சையும் அனுமதிக்கப்பட்ட நிறம்தான்.)

அதே அமைப்பு இந்தச் சேவையின் முதன்மை நோக்கம் உயிரைக் காப்பது என்கிறது. தீயை அணைப்பது ஆட்கள் வெளியே வர வழி செய்வதற்காக. அதனால் என் தேர்வு மீட்பூர்தி. பழுதான காரை இழுத்துப் போவதையும் மீட்பு வண்டி என்கிறார்களே என்பீர்கள். அதற்கு இழுவை வண்டி என்ற நல்ல பெயர் இருக்கிறது, அதை அங்கே வையுங்கள். முழுப்பெயர் வேண்டுமென்றால் விமான மீட்பூர்தி. ‘வானூர்தி மீட்பூர்தி’ என்று தனித்தமிழ் அன்பர் ஒருவர் திருத்தினார். இரண்டு ஊர்தியை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், நாக்கு சறுக்கும். விமானம் வடசொல்தான், ஆனால் கோயில் கருவறைக்கு மேலேயே எத்தனையோ நூற்றாண்டாக நிற்கிறது. அதை இப்போது இறக்க வேண்டுமா?

அந்தக் கையேட்டின் இன்னொரு முத்து: ‘கூரையிலுள்ள கண்காணிப்பான் நுரையைக் கக்கும்.’ மானிட்டர் என்ற சொல்லைப் பார்த்ததும் கணினித் திரை நினைவுக்கு வந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கலிபோர்னியாவில் தங்கத்துக்காக மலையைத் தண்ணீர் அடித்தே கரைத்தார்கள். அந்தப் பெருங்குழாய்க்கு மானிட்டர் என்று பேர். வண்டியின் கூரையில் சுழல்வதும் அந்தக் குடும்பம். பீச்சாங்குழல் என்று பிள்ளைகள் சொல்லும் மொழியில் இதற்குப் பெயரா இல்லை? பீச்சுகுழல் என்று எழுதினேன். மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலச் சொல்லைத்தான் பார்க்கிறார்கள், பொருளை ஒருமுறை படத்திலாவது பார்ப்பதில்லை.

‘இரண்டு மீட்பூர்திகள் ஓடுபாதையை நோக்கி விரைந்தன’ என்று திருத்தி, காரணமும் எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்த பிரதியில் ‘இரண்டு மோதல் மீட்பூர்திகள்’ என்றிருந்தது.