ரிப்பீட்டரை அணைத்துவிட்டுப் பயிற்சி கொடுங்கள்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றுபோனது. சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களுக்கு செல்போன் சிக்னலே இல்லை. கரண்ட் போனால் செல்போன் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல் வர வேண்டும், டீசல் வரச் சாலை வேண்டும். வெள்ளத்தில் முதலில் போவது சாலைதான்.

அதனால்தான் தீயணைப்புத் துறையும் காவல்துறையும் இன்னும் வயர்லெஸ்ஸைக் கைவிடவில்லை. மீட்புக் குழுக்களுக்கு அதில் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: செட்டுக்கு அவ்வளவு பஞ்சமில்லை, பேசப் பழகியவர்கள்தான் குறைவு.

ஒத்திகையில் பட்டனை அழுத்திய வேகத்திலேயே பேசிவிடுவார்கள். பேச்சை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் கருவி எடுத்துக்கொள்வதற்குள் ஊர்ப் பெயரின் முன்பாதி போய்விடும். "...குளத்துக்கு படகு அனுப்புங்க" என்று கட்டுப்பாட்டு அறையில் கேட்கும். பேய்க்குளமா, சாத்தான்குளமா? தூத்துக்குடிப் பக்கம் குளத்தில் முடியும் ஊர்களுக்கா குறைச்சல்!

முடிக்கும் முன்பே பட்டனை விடுவது இதைவிட ஆபத்து. நம் பேச்சில் மறுப்பு கடைசியில்தான் வரும். "பாலம் வழியா வர வேண்டாம்" என்பதில் கடைசிச் சொல் அறுந்தால் வண்டி நேராகப் பாலத்துக்குத்தான் வரும். அதனால் "நில்லுங்க" என்பதை முதலில் சொல்லச் சொல்கிறேன். இடமும் காரணமும் பிறகு. அழுத்தியதும் ஒரு நொடி, முடித்ததும் ஒரு நொடி பொறுக்க வேண்டும். கேட்டவர் செய்தியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி சார்" பதில் ஆகாது.

ரிப்பீட்டரும் ஒரு நாள் படுக்கும். 5 வாட் கைசெட் நேரடியாகப் பேசினால் ஊருக்குள் சில கிலோமீட்டர்தான்; கான்கிரீட் கட்டடத்துக்குள் நின்றால் அதுவும் இல்லை. மாடிக்கு ஏற வேண்டும், ஆன்டெனாவைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், இடையில் ஒருவரை நிறுத்திச் செய்தியைக் கைமாற்ற வேண்டும். ரிப்பீட்டரை அணைத்துவிட்டு அரை நாள் பழகினாலே இது கைவந்துவிடும்.

இதற்குக் காசு? 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்புக்கு, அதாவது பாதிப்பை முன்கூட்டியே குறைக்கும் வேலைகளுக்கு என்றே ஒதுக்கியது. மீதி 80-இல் மீட்பு, நிவாரணத்துக்கு 40, மறுசீரமைப்புக்கு 30, தயார்நிலைக்கும் திறன் வளர்ப்புக்கும் 10. தமிழகம் போன்ற மாநிலங்களுக்கு இதில் முக்கால் பங்கு மத்திய அரசுடையது. ஆக, பணம் கேட்கச் செலவுத் தலைப்பு இருக்கிறது. கேட்பவர்கள்தான் செட், ரிப்பீட்டர், கோபுரம் என்று பொருளாகவே கேட்கிறார்கள். ஒத்திகைச் செலவையும் மாற்று பேட்டரியையும் யாரும் எழுதுவதில்லை. வருடக்கணக்கில் சார்ஜரிலேயே கிடந்த பேட்டரி திரையில் முழுக் கோடு காட்டும், கொஞ்ச நேரம் பேசினால் பொசுக்கென்று அணைந்துவிடும். தரைத்தளத்தில் இருக்கும் கட்டுப்பாட்டு அறை ஜெனரேட்டரை மேலே ஏற்றுவதும் என் பார்வையில் தணிப்பு வேலைதான்; கரை கட்டுவது மட்டுமல்ல.

தன்னார்வலர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று செட் வாங்கி, உரிமம் இல்லாமல் ஏதோ ஓர் அலைவரிசையில் பேசாதீர்கள்; அது குற்றம், மீட்புப் பணியில் இருப்பவர்களின் பேச்சுக்கும் இடைஞ்சல். முறையாகப் பேச ஹாம் ரேடியோ (தனிநபர் பொழுதுபோக்கு வயர்லெஸ்) உரிமம் இருக்கிறது; அதற்காக மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை 12 வயது நிறைந்தவர்களே எழுதலாம்.