இன்டர்டைட்டில்: இடையெழுத்து

பேசாப் படத்தில் காட்சி சட்டென்று நின்று, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து சில வினாடி வந்து போகும். கதை நடக்கும் ஊர், காலம், பாத்திரம் பேசும் வசனம் எல்லாம் அதில்தான் இருக்கும். இதை இன்று இன்டர்டைட்டில் என்கிறோம். பேசாப் படம் எடுத்தவர்கள் இந்தப் பெயரை வழங்கவில்லை. டைட்டில், சப்டைட்டில் என்றுதான் சொன்னார்கள். பிற்காலத்தில் சப்டைட்டில் என்பது திரையின் அடியில் ஓடும் வசன வரிக்குப் பெயராகிவிட்டது. குழப்பம் தீர, 'இடையே' என்று பொருள்படும் 'இன்டர்' முன்னொட்டைச் சேர்த்துத் திரைப்பட ஆய்வாளர்கள் இந்தச் சொல்லை நிலைநிறுத்தினார்கள்.

டைட்டிலின் வேர் 'டிடுலுஸ்' என்ற லத்தீன் சொல். அதன் பழைய பொருள் பொறிப்பு, பெயர்ப்பலகை. தேவாலயச் சுவரோவியங்களில் உருவங்களுக்கு அருகே எழுதிய விளக்க வரிக்கும் அதே பெயர்தான். 'தலைப்பு' என்பது பின்னால் வந்து சேர்ந்த பொருள். அகராதியைப் பார்த்து 'இடைத்தலைப்பு' என்று ஆக்குகிறவர்கள் அந்தப் பிற்காலப் பொருளைப் பிடித்துக்கொள்கிறார்கள். "நீ முன்னால் போ, நான் குதிரையோடு வருகிறேன்" என்று ஒருவன் சொல்வது எப்படித் தலைப்பு ஆகும்?

பழைய பொருளைக் கண்ணால் பார்க்க மதுரையிலேயே இடமிருக்கிறது. மீனாட்சியம்மன் கோவிலில், பொற்றாமரைக் குளத்தையொட்டிய ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் திருக்கல்யாண ஓவியம் உண்டு. அதில் ராணி மங்கம்மாளும் அவர் பேரன் விஜயரங்க சொக்கநாதனும் இடம்பெறுகிறார்கள். இன்னார் இவர் என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருக்கிறது. படத்தோடு எழுத்தைச் சேர்த்துக் கதை சொல்வது இந்த ஊருக்குப் புதிதல்ல.

தமிழ்ச் சொல்லும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. "எழுத்துப் போட்டுட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே கொட்டகைக்குள் ஓடிய ஜனங்கள் டைட்டிலுக்குத் தமிழ் கண்டுவிட்டார்கள். ஆகவே காட்சிகளுக்கு நடுவே வருவது இடையெழுத்து. அதை எழுதிப் படமெடுக்கும் பொருள் எழுத்தட்டை. திரையடியில் ஓடும் சப்டைட்டில் அடியெழுத்து. 'டைட்டில் கார்டு' வேண்டாம். நம் சினிமாவில் அது தொடக்கத்தில் பெயர் போடுவதைத்தான் குறிக்கும்.

இடையெழுத்தில் இரு வகை. இடமும் காலமும் சொல்வது விவர எழுத்து. பேச்சைச் சொல்வது வசன எழுத்து. வசன எழுத்தை, நடிகர் வாயைத் திறந்து பேச ஆரம்பித்த பிறகு நுழைத்து, பேசி முடிக்கும் முகத்துக்குத் திரும்ப வேண்டும். வாயசைவுக்கு முன்பே போட்டால் யார் பேசியது என்று தெரியாது.

செய்முறைக்கு வருவோம். கறுப்பு அட்டையில் வெள்ளை மையால் எழுதி, கேமராவுக்கு நேர் செங்குத்தாக நிறுத்தி, இரு பக்கமும் சம வெளிச்சம் கொடுத்துப் படமெடுப்பார்கள். வெளிச்சம் ஒரு பக்கம் கூடினால் கறுப்பு அந்தப் பக்கம் சாம்பலாகிவிடும். நெகட்டிவில் இந்தக் கறுப்புப் பகுதி கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். அதில் ஒட்டும் ஒவ்வொரு தூசியும் பிரின்டில் வெள்ளைப் புள்ளியாக விழும். பழைய படங்களில் நடிகர் முகத்தைவிட எழுத்துப் பகுதி அழுக்காகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழுக்குத் தனிச் சிக்கல் உண்டு. வெளிச்சம் கூடினால் வெள்ளை எழுத்து கசிந்து தடிக்கும். ண, ஞ, ணை ஆகியவற்றின் சுழிகள் அடைபடும். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் 'கண்' என்பது 'கண' என்று படிக்கப்படும். எனவே புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக, எழுத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும். 1920களின் அட்டை போலச் செய்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இன்றைய 'ணை', 'லை', 'றா', 'னா' வடிவங்கள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் அரசு வழக்கானவை. அந்தக் காலத்துக்குப் பழைய சேர்ந்த வடிவங்களே பொருந்தும்.

நேரக் கணக்கு எளிது. 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகம் (ஃபிரேம்). வினாடிக்கு 16 சட்டக வேகத்தில் ஓடினால் ஓர் அடி ஒரு வினாடி. 12 வினாடி நிற்க வேண்டிய அட்டைக்கு 12 அடி, அதாவது 192 சட்டகம். கையால் சுற்றும் ஆபரேட்டர் வேகத்தை 20 ஆக்கினால் அதே அட்டை 9.6 வினாடியில் ஓடிவிடும், படிப்பவர் பாதியில் நிற்பார். தமிழில் சொல்லை எண்ணி நேரம் வைக்கக் கூடாது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்பதும் ஒரு சொல்தான். நிதானமாக உரக்க ஒருமுறை படித்து, அந்த நேரத்தோடு இரண்டு வினாடி சேர்ப்பதே சரி. இரண்டு மொழியில் போட்டால் இரட்டிப்பாகும். ஆர். நடராஜ முதலியார் 1910களில் சென்னையில் எடுத்த 'கீசகவதம்' 6000 அடி. அதில் ஆங்கிலம், தமிழ், இந்தி என மூன்று மொழி எழுத்து. 16 சட்டக வேகத்தில் 100 நிமிடம் ஓடும் அந்தச் சுருளில் எழுத்துக்கே எத்தனை அடி போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எழுத்தறியாதவர்களுக்காகத் திரையருகே நின்று உரக்கப் படித்துக் கதை சொல்பவரும் அன்றைய கொட்டகைகளில் இருந்தார்.

சரித்திரக் கதையில் இடையெழுத்தின் பொறுப்பு இன்னும் பெரிது. நடிகரின் உடையில் பிழை இருந்தால் சிலர்தான் கவனிப்பார்கள். ஆண்டும் ஊரும் எழுத்தாக வந்துவிட்டால் பார்ப்பவர் அதை உண்மையென்றே எடுத்துக்கொள்வார். சி. வி. ராமன் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு மலையாள நாவலை வைத்து நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து, பி. வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா' (1933) இதற்கு நல்ல பாடம். ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் எழுத்துப் போட்ட பேசாப் படம் அது. நாவலின் பதிப்பாளர் உரிமை வழக்குத் தொடுத்ததால் முடங்கியது. பிரின்ட் இப்போது புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கதையில் இளவரசர் மார்த்தாண்ட வர்மாவும், அவரை எதிர்த்த உள்ளூர்ப் பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் வரலாறு. சுபத்திரை என்ற பாத்திரம் நாவலாசிரியரின் படைப்பு. மதுரைப் படை வருவதற்கும் வரலாற்று அடிப்படை உண்டு: திருவிதாங்கூர் அரசர் இராமவர்மா உள்ளூர்ப் பிரபுக்களை அடக்க 1726இல் மதுரை நாயக்க அரசோடு உடன்படிக்கை செய்து படையுதவி பெற்றார். அப்போதைய நாயக்க அரசர், ஊஞ்சல் மண்டப ஓவியத்தில் இருக்கும் அதே விஜயரங்க சொக்கநாதன்.

அந்த உடன்படிக்கைக் காட்சிக்கு 'மதுரை அரண்மனை, 1726' என்று எழுத்துப் போட்டால் பிழை. தலைநகரம் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே திருச்சிராப்பள்ளிக்குப் போய்விட்டது. 1689இல் பொறுப்பேற்ற மங்கம்மாளும் அங்கிருந்தே ஆண்டார். திருமலை நாயக்கர் மகாலில் குறும்படம் எடுப்பவர்கள் மங்கம்மாள் தர்பாரை அங்கே வைத்து எழுத்தும் போட்டுவிடுகிறார்கள். மகால் இடமாகப் பயன்படட்டும். அட்டையில் 'திருச்சிராப்பள்ளி' என்று இருக்க வேண்டும். கற்பனைப் பாத்திரம் வரும் அட்டையில் ஆண்டு போடாதீர்கள். ஆண்டு போடும் அட்டையில், ஆவணம் உள்ள செய்தி மட்டும் இருக்கட்டும்.