சொட்டுகிறதா? முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள்

போன வாரமும் என் பட்டறைக்கு ஒரு விமானம் வந்தது. உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தன் கையால் கட்டிய ஆர்வி-7ஏ என்ற சிறு விமானம். இடது பிரேக்கில் எண்ணெய்க் கசிவு. இணைப்பைக் கழற்றினால் மரை முழுக்க வெள்ளை டெஃப்லான் டேப், அலுமினியக் குழாயின் விரிந்த வாயில் மயிரிழை விரிசல். "கசிந்தது, இறுக்கினேன். நிற்கவில்லை, டேப் சுற்றி மறுபடி இறுக்கினேன்" என்றார். இதே விளக்கத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

ஐயா, அந்த இணைப்பில் மரை எண்ணெயைத் தடுப்பதே இல்லை! வீட்டுத் தண்ணீர்க் குழாயில் மரையே அடைப்பு. அங்கே டேப் சரி. இங்கே 37 டிகிரி கூம்பின்மேல் குழாயின் விரிந்த வாய் உட்கார்ந்து, உலோகமும் உலோகமும் சேர்ந்துதான் அடைக்கின்றன. நட் அழுத்திப் பிடிக்க மட்டுமே. மரையில் எத்தனை சுற்று டேப் சுற்றினாலும் கூம்பில் இருக்கும் கீறல் ஆறாது. பிய்ந்த டேப் துணுக்கு உள்ளே போய், பெடலை மிதித்தால் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் வால்வில் சிக்கினால், கசிவோடு இன்னொரு கோளாறும் சேரும். கால் அங்குல அலுமினியக் குழாய்க்கு 40 முதல் 65 அங்குல-பவுண்டு இறுக்கமே போதும். அதைத் தாண்டினால் வாய் மெலிந்து வெடிக்கும். கார்க் கடையில் வாங்கிய 45 டிகிரிக் கருவியால் வாய் விரித்திருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் பொருந்தாது. வெட்டிவிட்டுப் புதிதாக விரியுங்கள்.

ஒரு சொட்டுதானே என்று விடாதீர்கள். ஆர்வி-7ஏ-யின் மூக்குச் சக்கரம் தன்போக்கில் திரும்பக்கூடியது. தரையில் மெதுவாக ஓடும்போது உங்களுக்குத் திசை தருவதே இடது, வலது பிரேக்குகள்தாம். ஒன்று போனால் விமானம் நிற்கத் தாமதமாவது மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் விமானத்தை நோக்கியும் போகும். அடுத்தது தீ: கசியும் எண்ணெய் சூடான பிரேக்கில் பட்டால் பற்றிக்கொள்ளலாம். 5606 என்ற தர எண் கொண்ட வழக்கமான சிவப்பு விமான பிரேக் எண்ணெயின் தீப்பற்று வெப்பநிலைக்கு விதித்த குறைந்தபட்ச அளவே 82 டிகிரி செல்சியஸ். 83282 என்ற இன்னொரு தர எண்ணெய்க்கு அது 205. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும், கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் இரண்டுக்கும் ஒன்றேதான். எப்படியும் திறந்துவிட்டீர்கள், 83282-க்கு மாறிவிடுங்கள். கார் பிரேக் எண்ணெயை மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள். நைட்ரைல் ரப்பராலான ஓ-ரிங் கெட்டுவிடும்.

சொட்டு விழும் இடமே கசியும் இடம் என்று முடிவுகட்டாதீர்கள். மேலே கசிந்த எண்ணெய் சக்கரக் கால் வழியாக இறங்கி, பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பரின் அடியில் சொட்டும். பழி காலிப்பர்மேல் விழும். எல்லாவற்றையும் துடைத்துக் காயவிடுங்கள். டால்கம் பவுடர் தூவி, ஒருவரைப் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். முதலில் சிவக்கும் இடம்தான் குற்றவாளி. வெளியே ஒரு துளியும் இல்லாமல் மிதித்த பெடல் மெல்ல இறங்கினால், பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஓ-ரிங் தேய்ந்திருக்கும். காலிப்பரே கசிந்தால் பிரேக் கட்டையை அளந்து பாருங்கள். அது 2.5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் பிஸ்டன் அளவுக்குமேல் வெளியே வந்துவிடும். ஓ-ரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

சக்கரம் உள்ளிழுக்கும் விமானம் என்றால் கசிவைக் கையால் தடவித் தேடவே தேடாதீர்கள். அங்கே உயர் அழுத்தத்தில் ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். கைவிரலையே இழந்தவர்கள் உண்டு. அட்டைத் துண்டால் தேடுங்கள். ஜாக்கில் ஏற்றி, அழுத்தத்தை இறக்கிய பிறகே எந்த நட்டையும் தொடுங்கள்.

அமெரிக்காவில், விமானத்தைத் தன் கையால் கட்டியவரே பழுதுபார்ப்பாளர் சான்றிதழ் பெற்று ஆண்டுச் சோதனையில் கையெழுத்திடலாம். நல்ல உரிமைதான். ஆனால் உங்கள் வேலையை இன்னொரு கண் பார்க்காமலே போகவும் அது வழி செய்கிறது. அதனால்தான் இவ்வளவு கெஞ்சுகிறேன். பழுது பார்த்தபின் கீழிருந்து மேலாக எண்ணெய் ஏற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். முதல் தரை ஓட்டம் முடியும்வரை சக்கர மூடியை மாட்டாமல் வையுங்கள். திரும்பி வந்ததும் குனிந்து ஒவ்வோர் இணைப்பையும் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள்.