மலை வீட்டுக் கேசட்டில் ஏன் பூசணம் பிடிக்கிறது?

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கத்துப் பழைய வீடுகளின் மர அலமாரிகளில் வி.எச்.எஸ். கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. பாதி கல்யாண வீடியோ, மீதி சினிமா. குளிர் ஊரில் நாடா கெடாது என்று நினைப்பவர்கள் உண்டு. குளிர் நாடாவுக்கு நல்லதுதான். கெடுப்பது அதோடு வரும் ஈரம்.

ஜேவிசி 1976-இல் கொண்டுவந்த இந்தக் கேசட்டில் இருப்பது 12.7 மி.மீ. அகலப் பாலியஸ்டர் நாடா. அதன் மேல் காந்தத் துகள். துகளைப் பிடித்து வைப்பது பாலியூரித்தேன் பசை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால், அந்தப் பசையிலும் படிந்த தூசியிலும் பூசணம் வேர்விடும். நீலகிரியின் ஆடி மழையும் கொடைக்கானலின் ஐப்பசி மழையும் அதற்குத் தாராளமாகப் போதும்.

கொஞ்சம் பூசணத்துக்கே படம் ஏன் போய்விடுகிறது? கேசட்டை ஓட்டும் டெக்குக்குள் நாடா நொடிக்கு 23.39 மி.மீ. தான் நகர்கிறது. அந்த ஆமை வேகத்தில் வீடியோவைப் பதிய முடியாது. அதனால் 62 மி.மீ. விட்டமுள்ள உருளையைச் சாய்த்து வைத்து நிமிடத்துக்கு 1,500 முறை சுழற்றுகிறார்கள். அதன் விளிம்பில் எதிரெதிராக இரண்டு ஹெட், அதாவது நாடாவைப் படிக்கும் காந்த முனைகள். ஒவ்வொன்றும் நாடாவின் குறுக்கே 49 மைக்ரான் அகலச் சாய்கோட்டைப் படித்தபடி நொடிக்கு ஏறத்தாழ 4.8 மீட்டர் வேகத்தில் உரசிப் போகிறது. (இது நம் நாட்டு வீடியோ முறையான பால் (PAL) கணக்கு. அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) முறையில் கணக்கு வேறு, அங்கிருந்து வந்த கேசட் இங்கே ஒழுங்காக ஓடாததற்கு முறை வேறுபாடுதான் காரணம்.) ஹெட்டின் முனையிலுள்ள இடைவெளி ஒரு மைக்ரானுக்கும் குறைவு. பூசணத் துணுக்கு அதை அடைத்தால் திரை முழுக்கப் புள்ளி மழை. அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் அது ஒட்டிக்கொள்ளும்.

எனவே முதலில் கேசட்டின் கண்ணாடி வழியே பாருங்கள். சுருளின் பக்கவாட்டில் வெள்ளைத் திட்டோ நூலோ தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்தால் பூசணம் காய்ந்து பொடியாகும். அடுப்புப் பக்கம் வைத்துக் காயவைப்பது தவறு, நாடா நெளிந்துவிடும். பிறகு முகக்கவசத்தோடு வெளியே எடுத்துப் போய், அடிப்பக்கத்து ஐந்து திருகாணிகளைக் கழற்றுங்கள். நாடா போகும் வழியைப் படம் பிடித்துக்கொண்டு, சுருளின் பக்கங்களை நுண்ணிழைத் துணியால் துடைத்து வேறு நல்ல கூட்டில் மாற்றுங்கள்.

ஹெட்டைத் துடைக்கப் பஞ்சுக் குச்சி வேண்டாம், இழை சிக்கி முனை உடையும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மான்தோலை உருளையில் லேசாக அழுத்திப் பிடித்து, உருளையைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் போயிற்று.

குளிரில் கிடந்த டெக்கைச் சூடான அறைக்குக் கொண்டுவந்ததும் போடக் கூடாது. உருளையில் பனி முத்து பூத்து, நாடா அதில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். குறைந்தது இரண்டு மணி நேரம் காத்திருங்கள்.

வீடியோ தட்டான வி.சி.டி.க்கு ஹெட் தொல்லை இல்லை. ஆனால் ஒரு தட்டில் 74 நிமிடம்தான், நம் படத்துக்கு இரண்டு மூன்று தட்டு. ஈரமும் விட்டுவைக்காது. அலுமினியப் படலம் பெயர் அச்சிட்ட பக்கத்து மெல்லிய அரக்குக்கு நேர் அடியில் இருக்கிறது. அங்கே கீறல் விழுந்தால் ஈரம் புகுந்து அரிக்கும். தட்டை விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளைகளாகத் தெரியும். டி.வி.டி.யில் அந்தப் படலம் 0.6 மி.மீ. தகடு இரண்டுக்கும் நடுவே இருப்பதால் அதைவிடப் பாதுகாப்பு.